உருகிய பிறகு

மாற்றலாகி வந்து மூன்று வாரமான வங்கி அதிகாரி
கிருஷ்ணகிரியில் ஐஸ்கிரீம் எங்கே நன்றாக இருக்கும் என்று
என்னிடம் கேட்டபோது
அவர் வீட்டுப் பிரிட்ஜின் முதுகுப்புறம்
தரையோடு தரையாகப் படுத்திருந்தேன்.
வாயில் ஒரு திருகாணி.

அதை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
பதினெட்டு வருடமாக இந்த ஊர்க் குளிர் எல்லாம்
என் கை வழியாகத்தான் போகிறது சார்.

ரவுண்டானா பக்கம் கண்ணாடிக் கடை இருக்கிறதே,
பதினாறு நிறம், பதினாறு கரண்டி.
முதலாளி ராத்திரி பத்தரைக்கு
மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.
பதினாறு நிறமும் விடியவிடியத் தளர்ந்து கிடந்து
காலையில் மறுபடி விறைக்கும்.
பல்லில் நறநறவென்று ஏதாவது பட்டால்
அது பிஸ்தா இல்லை,
நேற்று.

பழையபேட்டைச் சந்தில் குல்ஃபி விற்கிற நயாஸ்
மிஷினே வைத்துக்கொள்ளவில்லை.
பானை, ஐஸ், உப்பு.
அவனால் எனக்குப் பத்து பைசா வரும்படி கிடையாது,
அதனால் நான் சொல்வதை நம்பலாம்:
பால் லேசாக அடிப்பிடித்திருக்கும்.
சிலர் அதற்காகவே போகிறார்கள்.

ராயக்கோட்டை சாலையில் மாம்பழ ஐஸ்கிரீம் என்று
ஆள் உயர போர்டு.
ஜூன் மாதம் இந்த ஊரில் மூச்சு விட்டாலே மாங்கொட்டை வாசம்,
கூழ் ஆலை வாசலில் டிராக்டர் வரிசை,
பழம் டின்னுக்குள் புகுந்து கப்பலேறுகிறது.
கடைக்கு வருவது
பெங்களூர் பஸ்ஸில் ஒரு சின்ன பாட்டில்,
மஞ்சளாக.

லண்டன்பேட்டை என்றதும் அதிகாரி சிரித்தார்.
வெளியூர்க்காரர் எல்லாரும் அந்த இடத்தில்
ஒருமுறை சிரிப்பார்கள்.
நான் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தேன்.

எனக்குக் கடைவாய்ப்பல் இரண்டும் கூச்சம்.
சில்லென்று பட்டால் காதுவரை இழுக்கும்.
அதனால் எந்த ஐஸ்கிரீமையும்
உருகவிட்டுத்தான் குடிப்பேன்.
குளிரில் நாக்கு மரத்துப்போகும் சார்,
யார் என்ன கலந்தாலும் தெரியாது.
உருகட்டும்,
கொட்டிய சர்க்கரை, சேர்த்த டால்டா, ஊற்றிய தண்ணீர்
ஒவ்வொன்றாக வெளியே வரும்.
உங்களுக்குத் தெரியாததா,
தவணை தேதி தாண்டிய பிறகுதானே
ஆள் யாரென்று தெரிகிறது.

லண்டன்பேட்டையில் துளசாபாய் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
ஒரே பெட்டி, மூடியின் ஓரமெல்லாம் துரு.
போன மே மாதம் அதற்கு கேஸ் மாற்ற
நாலு மணி நேரம் பிடித்தது.
எடுத்து வெளியே வைத்ததில் ஒரு டப்பா
முழுக்கத் தண்ணீராகிவிட்டது.
டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.
குடித்தேன்.
செந்தூரா.
வெதுவெதுப்பாக, நார் இரண்டு பல்லிடுக்கில் சிக்க,
அப்போதும் அது பழமாகவே இருந்தது.

எப்படி என்றார்.
ரிலேயும் போயிருக்கிறது, தொள்ளாயிரம் ஆகும் என்றேன்.

அதிகாரி போனில் குறித்துக்கொண்டார்.
சந்தில் வண்டி நிறுத்த இடமிருக்குமா என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் கழித்து ஸ்டெபிலைசர் மாட்டப் போனேன்.
பையன்தான் கதவைத் திறந்தான்.
‘அந்த ரவுண்டானா கடை சூப்பர் அங்கிள்,
நீலக் கலரில் ஒன்று இருக்கிறது.’
உள்ளிருந்து அதிகாரி,
‘வெரைட்டி ஜாஸ்தி இல்லையா’ என்றார்,
மன்னிப்பு கேட்பது போல.
நான் வோல்டேஜ் பார்த்தேன்.
இருநூற்று முப்பது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் லண்டன்பேட்டை.
மூன்று மணி.
மலைப்பாறை அடுப்புக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது.
துளசாபாய் கொடுத்த கப்பை
வண்டி சீட்டின்மேல் வைத்துவிட்டு
பக்கத்தில் நின்றேன்.

வெயில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.