செம்மைப்படுத்தல்

சட்பரியில் பிப்ரவரி.
எல்ம் தெரு, மூன்றாம் மாடி.
ரேடியேட்டர் கிழட்டுக் குதிரைபோல் கனைக்கிறது.
திரையில் பதினொரு பெண்கள்
மட்டைகளை ஒரே பக்கம் சாய்த்துப் பிடித்து
1937இன் ஏதோ ஒரு மதியத்துக்குக் கண் கூசுகிறார்கள்.

முகப்புப் பக்கத்துக்கு இந்தப் படம்தான், முடிவாகிவிட்டது.
பின்னணி வெள்ளை;
தாளின் வெள்ளை அல்ல, ஐஸின் வெள்ளை,
நீலம் ஒரு சிட்டிகை.
எழுத்துகள் தடித்தவை,
முதுகில் எண்ணைத் தைத்ததுபோல.
காலக்கோடு இடது ஓரத்தில்.
விரல் வைத்துத் தள்ளினால் சறுக்கும்,
சுவரில் மோதி நிற்கும்.
இவ்வளவுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மிச்சம், சட்டையின் நிறம்.

"சிவப்புதானே," என்றார் டேரில்,
ஒட்டாவாவில் ஒரு சதுரத்துக்குள் அமர்ந்தபடி.
தமயந்தியை டாம் என்று சுருக்கியவர்.
"நாடு என்றால் வேறென்ன நிறம், டாம்?"
கொடியிலிருந்து நேரே உறிஞ்சிய சிவப்பின்
குறியீட்டையும் அனுப்பிவிட்டார்.

பூசிப் பார்த்தேன்.
பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது.
பதினொரு பேரும் சட்டென்று
ஒரு நாடாகிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கொடி பிறக்க
இன்னும் இருபத்தெட்டு வருடம் இருந்தது.
அந்தக் காலத்துப் பிலிம் ஒன்றுக்குச்
சிவப்பைப் பார்க்கவே தெரியாது.
ரத்தம், உதட்டுச்சாயம், இலையுதிர்கால மேப்பிள்,
அதன் கண்ணுக்கு எல்லாம் கறுப்பு.
படத்திலும் சட்டை கறுப்பு.
ஆகவே சிவப்பாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
தவிர, இந்த ஊரில் சிவப்புக்கு என்ன பஞ்சம்?
அப்போதெல்லாம் உருக்காலைக் கசடைக் கொட்டும் இரவுகளில்
வானம் முழுக்கச் சிவக்குமாம்.
அதைத் தினமும் பார்த்தவர்கள்
சட்டையிலும் கேட்டிருப்பார்களா?

வியாழக்கிழமை ஒரு தொலைபேசி.
மர்யட்டா லெஹ்டோவாரா, வயது எழுபத்தொன்பது.
கோல் காத்த ஹில்யாவின் மகள்.
இடது கோடியில், முழங்காலில் தலையணை கட்டி நிற்பவள்.
"பச்சை," என்றார்.
"மூடிப்போன பில்லியர்ட்ஸ் கூடத்தின் மேசைத் துணி.
சும்மா கிடைத்தது, கிழித்துத் தைத்தார்கள்.
கழுத்தெல்லாம் அரிக்குமென்று அம்மா சாகும்வரை சபித்தாள்.
நனைந்தால் சாயம் போகும்.
அவள் விழுந்து தடுத்த இடமெல்லாம்
ஐஸ் பச்சை.
ஆட்டம் முடிந்தபின் கணக்குப் பார்க்கலாம்,
எத்தனை முறை விழுந்தாளென்று."

துணி இருக்கிறதா என்றேன்.
நீண்ட மௌனம்.
"அரித்தது என்றேனே. எரித்துவிட்டாள்."

ஆதாரம் இல்லாமல் எப்படி என்றார் டேரில்.
சிவப்புக்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை.
மாதக் கடைசி, அதுவும் ஒரு காரணம்.

இந்த மென்பொருளுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று
என் மொழியில் இருக்கிறது.
செம்மை என்றால் சிவப்பு.
செம்மை என்றால் சரி.
செம்மைப்படுத்து என்று யார் சொன்னாலும்
எனக்குள் ஒரு தூரிகை சிவப்பைத் தொட்டுவிடுகிறது.
பச்சைக்கோ நாங்கள் பொய்யையும் கொடுத்தோம்,
உண்மையையும் கொடுத்தோம்:
பச்சைப் பொய், பச்சை உண்மை.
எது எதுவென்று அந்த நிறம் சொல்லாது.

சட்டைகளைச் சாம்பலாகவே விட்டேன்.
டேரிலுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தார்;
கண்ணியமாகத் தெரிகிறதாம்.

பிறகு, எல்லோரும் போன பின்,
பின்னணியின் அத்தனை வெள்ளையில்,
ஹில்யாவின் காலுக்குச் சற்றுக் கீழே,
ஒரு தீற்றல்.
நூற்றுக்கு நான்கு பங்கு பச்சை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இன்று காலை ஒட்டாவாவிலிருந்து கடிதம்.
பிரமாதம், எல்லோருக்கும் மகிழ்ச்சி, நன்றி டாம்.
ஒரே ஒரு சின்ன விஷயம்:
கீழே இடது பக்கம்
ஏதோ கறைபோல இருக்கிறது.
செம்மைப்படுத்திவிடவும்.