பதினான்காம் பக்கம்

நாள்காட்டி வந்துவிட்டது.
எட்டுச் சுற்று ஏழாகியிருக்கிறது.
மணல் சுற்றை எடுத்துவிட்டார்கள்.
தீவுச் சுற்று ஜூலையிலிருந்து ஏப்ரலுக்கு.
ஏப்ரலில் அங்கே மழை,
செம்மண் களியாகிவிடும் என்பது
அட்டவணை போட்டவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அடுத்த தாளில் அணிகள்.
ரெஜினால்டின் பெயருக்கு நேரே
வேறு நிறம், வேறு கார்.
வழிசொல்பவர் கட்டத்தில்
எனக்கு உச்சரிக்க வராத ஒரு பெயர்.
ஆறு வருஷம் அதே கட்டத்தில்
ச. பூங்கோதை, சேலம் என்று இருந்தது,
எப்போதும் ஓர் எழுத்துப் பிழையோடு.

கொண்டலாம்பட்டி பைபாஸில்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே என் அறை.
ரப்பர் வேகும் வாசனை படியேறி வரும்.
"அப்ப நீ?" என்றான் அண்ணன்.
"எனக்கும் ஆள் வந்தாச்சு."

வந்தவன் தமீம். இருபத்திரண்டு வயது.
சீட்டை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறான்,
ஸ்டியரிங்கைக் கடிக்கப் போகிறவன்போல.

காலை ஐந்தரை. அடிவாரம் செக்போஸ்ட்.
பந்தயமில்லை, முப்பதுதான் வேகம்,
வளைவுக்கு வளைவு ஹார்ன்.
ஒருவர் குரல் ஒருவருக்குப் பழகத்தான் இந்த ஏற்காடு.
"வலம் மூன்று, நீளும், வெட்டாதே.
அறுபது.
இடம் கொண்டை ஊசி, உள்ளே சரளை."
பனி கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க எழுதுகிறது.
ஏழாம் ஊசியில் தமீம் கேட்டான்:
"அக்கா, இப்ப சொன்னது இந்த வளைவா, அடுத்ததா?"

அடுத்ததற்கு அடுத்தது.
ரெஜினால்டுக்கு அவ்வளவு முன்னால் வேண்டும்.
சொல்லைக் கொஞ்ச நேரம் வாயில் அடக்கிவைத்துத்தான்
விழுங்குவான்.

பதினொன்றில் நோட்டைப் பார்க்காமலே சொன்னேன்:
"குரங்கு, இடம், குடும்பத்தோடு."
முதல்முறையாகச் சிரித்தான்.
இருபதாவது தாண்டி ஒண்டிக்கடையில் காப்பி.
பழம் பறிக்கப் போகும் பெண்கள்
ஸ்டிக்கர் ஒட்டாத எங்கள் காரைச் சுற்றிவந்து
"இது என்ன ரேட்டு?" என்றார்கள்.

இரவு ரெஜினால்டின் செய்தி.
"பூங்கோதை, தீவுச் சுற்று நோட்டு உன்கிட்டதானே?
மூணாவது ஸ்டேஜ் மாறலையாம்.
போட்டோ எடுத்து அனுப்பறியா?"
நல்லாயிருக்கியா என்பது தனியாக,
நான்கு நிமிஷம் கழித்து.

நோட்டை எடுத்தேன்.
அட்டையில் அந்த ஊர்ச் செம்மண் இன்னும் இருக்கிறது.
எல்லாம் பென்சில் எழுத்து.
5-ஐ 6 ஆக்க
ஒரு சின்னச் சுழிப்புப் போதும்.
யாருக்கும் தெரியாது.
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன் என்பதைச்
சீவி முடித்த பிறகே கவனித்தேன்.

கீழே இறங்கிப் போய்
அண்ணனோடு இரண்டு லாரி டயர் உருட்டிவிட்டு
மேலே வந்தேன்.

எல்லாப் பக்கமும் அனுப்பினேன்.
பிறகு எழுதினேன்:

பதினான்காம் பக்கம். பாலம் தாண்டி இடம் மூன்று.
அது மூன்றில்லை, நான்கு.
உன் கால் எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான்
ஆக்ஸிலேட்டரை விடும்.
அதனால் ஒன்று குறைத்துச் சொன்னேன்,
அங்கே மட்டுமில்லை, ஆறு வருஷமும்.
நீ சரியாகத் திரும்பினாய்,
உன் கணக்கு என்று நினைத்துக்கொண்டாய்.
உன் புது ஆள் ரெக்கியில் பார்த்துவிட்டு
நான்கு என்று திருத்துவார்.
திருத்த விடாதே.
அது பிழையில்லை.

இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
ஃபைவ் ரோட்ஸ் பக்கம் ஏதோ ஆம்புலன்ஸ்
சத்தமாய்ப் போய்த் தேய்ந்தது.

புது நோட்டு. நூறு பக்கம், கோடில்லாதது.
மேலே தமீம் என்று எழுதினேன்.
அவன் கால் எப்படி என்று இன்னும் தெரியாது.
காலையில் போன இருபது ஊசியையும்
நினைவிலிருந்து இறக்கினேன்,
எண்களை உள்ளபடியே,
இப்போதைக்கு.