மாதிரி எண் 417

கிண்டி தொழிற்பேட்டை, இரண்டாவது மாடி.
ஏசி சொட்டும் அறையில்
எண்ணெய்களைப் பெயர் தெரியாமல் சந்திப்பவள் நான்.
அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.
417 என்றால் 417.
கடலையா எள்ளா பாமாயிலா
அதுவே வாய் திறக்கும்வரை
ஒன்றும் யூகிக்கக் கூடாது.

பிப்ரவரியில் வந்தது.
அமிலம் விட்டுக் குலுக்கி வைத்தேன்.
அடியில் தங்கிய அடுக்கில்
வெற்றிலை போட்ட உதடுபோல் ஒரு சிவப்பு.
எள் இருக்கிறது.
அமில மதிப்பு சரி. அயோடின் மதிப்பு சரி.
கலப்படம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அப்படி எழுத மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் வாய்க்கும்.
அந்தச் சந்தோஷத்தில் டீக்கு ஒரு சமோசா கூடுதல்.
எதில் பொரித்தது என்று கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு
ஆதம்பாக்கத்தில் அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல்
அதை முதல்முறையாக உடுப்போடு பார்த்தேன்.
பச்சை அட்டை, தங்க எழுத்து.
எள், கருஞ்சீரகம், வெந்தயம்.
நாற்பத்தெட்டே நாளில் சர்க்கரைக்கு விடை.
ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆய்வகச் சான்று எண்;
அதன் வால் 417.

பிலோமினா அண்ணி சொன்னாள்:
"குரூப்ல எல்லாரும் வாங்குறாங்க.
காலைல வெறும் வயித்துல நாலு ஸ்பூன்.
மாத்திரைய நிறுத்தி மூணு வாரம் ஆச்சு.
லேப்லயே சுத்தம்னு சொல்லிட்டாங்களாம்."

லேப் அவள் எதிரே உட்கார்ந்து
உளுந்து வடை தின்றுகொண்டிருந்தது.

சுத்தம் என்றுதான் எழுதினேன்,
மருந்து என்று எழுதவில்லை.
இரண்டுக்கும் நடுவில் எவனோ
என் கையெழுத்தின் மேல் பாலம் போட்டுச்
சுங்கம் வசூலிக்கிறான்.

சற்குணம் அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
நாற்பத்தாறு வயது.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
"பார்டர்ல இருக்கீங்க" என்று டாக்டர் சொன்னபோது
பாஸ் மார்க் வாங்கியதுபோல் வீட்டுக்கு வந்தான்.
அது போன வருடம்.
இப்போது அந்த எல்லை
பக்கக் கண்ணாடியிலும் தெரியாத தூரம் பின்னால்.

மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கினேன்.
பத்துக் குமிழும் உடையாமல்
மழைத்துளி மாதிரி மினுங்கின.

டம்ளரில் நாலு ஸ்பூன் ஊற்றிக் காட்டினேன்.
நல்ல எண்ணெய்தான் அண்ணே, நானே பார்த்தது.
தாளி. இட்லிப் பொடிக்குக் குழை.
ஆனால் குடித்தால் இது நூற்று அறுபது கலோரி.
வடைக்குப் பதிலாகக் குடித்தாயா
வடைக்கு மேல் குடித்தாயா என்று
உன் கல்லீரல் மட்டும் கணக்கு வைக்கும்.

அண்ணியின் முகம் சுண்டியது.
இருநூறு மில்லி எழுநூற்று ஐம்பது ரூபாய்.
"அப்ப உன் கையெழுத்து பொய்யா?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடிக்கும்வரை
எனக்குப் பதில் வரவில்லை.
அதற்குப் பிறகும் வரவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் சொன்னார்:
"நாம எண்ணெயைத்தான் பார்க்கிறோம் மேடம்,
அட்டை நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."
புகார் மனு மூன்று பிரதி அனுப்பியிருக்கிறேன்.
ரசீது மட்டும் வந்திருக்கிறது.

அண்ணன் மாத்திரைக்குத் திரும்பினான், முறைத்துக்கொண்டே.
பாட்டிலில் பாதி மிச்சம்.
கொட்ட அண்ணிக்கு மனம் வரவில்லை.

நேற்றுப் போனில் சொன்னாள்.
விடியற்காலை ஐந்துக்கு நடக்கக் கிளம்பினால்
கேட்டு போடும் கிறீச்சில்
மாடியில் ஹவுஸ் ஓனர் எழுந்து கத்துகிறாராம்.
அதைச் சாக்காக வைத்து
நாலு நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டானாம்.
கீலில் நாலு ஸ்பூன் விட்டிருக்கிறாள்.
இப்போது அவன் போவதும் தெரியவில்லை
வியர்த்து வருவதும் தெரியவில்லை.

"பரவால்ல, வேலை செய்யுது" என்றாள்.