பதினான்காம் எண் சட்டை

வெள்ளிக்கிழமை இரவு கோபன்ஹேகனில்
பன்னிரண்டாயிரம் பேர் அவள் பெயரைக் கத்தினார்கள்.
சனிக்கிழமை நண்பகல், ஃபரோ தீவில்,
"மார்யுன், நீ பெஞ்சில்" என்றார்
எங்கள் பயிற்சியாளர் ஹோக்னி.
ஆறு பேருக்கான பெஞ்சு.
ஏழாவதாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.
இமையில் முந்தைய இரவின் வெள்ளி மினுக்கு
கழுவியும் போகாமல்.

நான் கோல்கீப்பர். வாரநாளில்
சால்மன் ஆலையில் முள் எடுப்பவள்.
என் கையுறை நாறுகிறதென்று
எதிரணிகள் நடுவரிடம் சொல்வதுண்டு.
எங்கள் மைதானம் மலைக்கும் கடலுக்கும் நடுவே
ஓரம் மடங்கிய பச்சைப் பாய்.
மேற்குக் காற்றடித்தால் பந்து தண்ணீருக்குப் போகும்.
அதற்கென்றே ஒரு படகு, அதில் யாக்குப்,
அவர் கையில் நீளக் காம்பு வலை.
பந்து நனைந்து வரும்வரை
இரண்டு அணியும் ஒரே பிளாஸ்கில் காபி குடிப்போம்.

அன்று வேலியோரம் புதுமுகங்கள்.
ஆடுகள் நிற்கும் இடத்தில்
கைப்பேசி ஏந்திய பெண்பிள்ளைகள்.
எத்தனைக்கு எத்தனை என்று அவர்களுக்குத் தெரியாது.
பெஞ்சையே படம் பிடித்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
அவள் அப்படியொன்றும் நன்றாக ஆடமாட்டாள்.
இடது கால் பரவாயில்லை.
வலது கால், துணைக்கு வந்த கால்.
தலையால் முட்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.
பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.
அப்போது திட்டினோம்.
இப்போது யாரும் திட்டுவதில்லை என்பதுதான்
அவளுக்குக் குறை.

அறுபத்தெட்டாம் நிமிடம் இறங்கினாள்.
வேலியோரம் எழுந்த கூச்சலில்
ஆடுகள் இன்னும் மேலேறிப் போயின.
பந்து அவளிடம் வந்தால் எதிரணி விலகியது,
கண்ணாடிச் சாமான் சுமந்து வருகிறவளுக்கு
வழிவிடுவதுபோல்.
மறிக்க வந்த ஒருத்தி
"உங்கள் இரண்டாவது ஆல்பம்" என்று ஆரம்பித்தாள்.
பந்தை அவள் காலிடையே தட்டிவிட்டு ஓடியிருக்கலாம்.
மார்யுன் நின்று, நன்றி சொன்னாள்.
கோலிலிருந்து நான் கத்தியதை
இங்கே எழுத முடியாது.

பிறகு துரீதா.
தெற்குத் தீவுக் கப்பலில் டிக்கெட் பார்ப்பவள்.
டிக்கெட் இல்லாத பாதிரியாரையே இறக்கிவிட்டவள்.
பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்து
பந்து, கணுக்கால், சேறு, ஒரு பிடி புல்
எல்லாவற்றையும் ஒருசேர வாரிக்கொண்டு போனாள்.
மார்யுன் விழுந்த சத்தம்
என் கோல்வரை கேட்டது.

யாரோ அழுதார்கள். ஹோக்னி ஐஸ் பையோடு ஓடினார்.
துரீதா மட்டும் நின்ற இடத்தில் நின்று
"எழுந்திரு. பந்தைத்தான் எடுத்தேன்" என்றாள்.

மார்யுன் புல்லைத் துப்பினாள்.
"பொய். காலைத்தான் எடுத்தாய்."
டேனிஷில் பாடி
ஆங்கிலத்தில் பேட்டி தருகிறவள்
எங்கள் பேச்சில் சொன்னாள்,
எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்து.
பன்னிரண்டு வருடம் கழித்து
அவள் வாயில் அதைக் கேட்டேன்.
எந்த மைக்கும் கேட்டிராத குரல்,
கரகரத்து, சுதி தப்பி.
சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.
அவ்வளவு சேற்றில் சரியாகத் தெரியவில்லை.

ஃபௌல் கிடைக்கவில்லை.
பந்து அதற்குள் கடலில்.
யாக்குப் துடுப்பைப் போட்டார்.

ஒன்றுக்கு மூன்று தோற்றோம்.
சட்டை துவைக்கும் முறை அந்த வாரம் அவளுடையது.
பதினான்கு சட்டைகள் திணித்த மூட்டையோடு
நொண்டிக்கொண்டு விமானம் ஏறினாள்.
அடுத்த சனிக்கிழமை அவை
ஹாம்பர்க் ஓட்டல் ஒன்றின் மெல்லிய தாளில்
மடித்து, தேய்த்து, மணக்க மணக்க வந்தன.
"சட்டையை எவளாவது தேய்ப்பாளா?"
ஹோக்னி வைத வசவை
அவள் தலை குனிந்து, முழுதாக,
ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆலையில்
பக்கத்து மேசைக்காரி
என் கழுத்திலிருந்து எதையோ கிள்ளியெடுத்து
வெளிச்சத்தில் பார்த்தாள். சின்னது. வெள்ளி.
செதிலா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.