வருகைப் பதிவேடு

பழைய கேட்டுதான்.
பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், அவ்வளவே.
இரண்டு மணி ஷிப்ட்டுக்கு
ஒன்று ஐம்பதுக்கே வந்து நிற்கும் பழக்கம்
காலை விட்டு இன்னும் போகவில்லை.

கார்டு குத்தும் பெட்டி இருந்த சுவரில்
ஒரு மீன்கொத்தியின் படம்.
கூண்டுக்குள் ஹஸ்னியா, இருபது வயதிருக்கும்,
அடையாள அட்டையைக் கேட்கிறாள்.
உள்ளூர்க்காரருக்கு இரண்டு ரிங்கிட், வெளியூராருக்கு ஐந்து.
அட்டை என்னைக் காப்பார் அடுக்குமாடி,
பதினோராவது மாடி என்கிறது.
ஐந்தைக் கொடுத்தேன்.
பதினேழு வருஷம் இங்கே
உருளைக்குள் ரப்பர் ஷீட்டைத் தள்ளியவள் என்பதற்கு
அட்டையில் கட்டமில்லை.

பதிவேட்டில் பெயர், நேரம், வந்த காரணம்.
எனக்கு மேலே ஒருவர் பறவை என்று எழுதியிருந்தார்.
அதற்கு மேலே பறவை, பறவை, கல்யாணப் படம்.
நான் ஒரு கோடு போட்டேன்.

பலகைப் பாதை. ஆளுயரக் கோரை.
மூன்றாம் குளத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது.
இப்போது அது தாசிக் தெராத்தாய்.
நாங்கள் வைத்திருந்த பெயரைச் சபையில் சொல்ல முடியாது.
ஆலையின் ஆசிட் தண்ணீர் இங்கேதான் வந்து விழும்.
ராத்திரி விளக்கில் அந்த நுரை
பார்க்க அழகாயிருக்கும்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நாற்றம் தலைமுடியில் ஏறி
பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக்
காலியாகவே வைத்திருக்கும்.
என் ரிசர்வ் சீட்டு என்பாள் தவமலர்,
பையைத் தூக்கி அதில் வைத்தபடி.

இன்று அதே நீரில்
ஒற்றைக் காலில் செந்நாரை.
நீலத் தாழைக்கோழி
இலைமேல் நீண்ட விரல்களை
முன்பணம் கட்டாத வாடகை வீட்டில் நடப்பதுபோல்
வைத்து வைத்து நடக்கிறது.
என்ன ஒரு இயற்கை என்றார் கேமராக்காரர்.
ஆமாம் என்றேன்.
அடியில் என்ன கிடக்கிறதென்று
அவரும் கேட்கவில்லை, நாரையும் கேட்கவில்லை.

மீன் பிடிக்காதீர், பிடித்தாலும் உண்ணாதீர்.
மூன்று மொழிகளில் பலகை.
அதன் காலடியிலேயே நீர்நாய்களின் எச்சம்,
செதில் செதிலாக வெயிலில் மின்னுகிறது.
எந்த மொழியும் படிக்காத குடும்பம்.
ஐந்து தலைகள் வரிசையாகக் குளத்தைக் கடந்தன.
முதல் தலை மூழ்க, மற்றவையும் மூழ்கின.
எண்ணிக்கொண்டே நின்றேன்,
ஐந்தும் மேலே வரும்வரை.

தவமலருக்கு இருமல்.
ஆலை மூடிய இரண்டாம் வருஷம்.
டாக்டர் புகை என்றார்,
கம்பெனி சிகரெட் என்றது.
வெற்றிலைகூடப் போடாதவள்.

புகைக்கூடம் இருந்த மேட்டில்
பறவை பார்க்கும் குடில் கட்டியிருக்கிறார்கள்.
உள்ளே சத்தம் போடக் கூடாதாம்.
உருளைகளின் இரைச்சலில்
உதடு பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள்.
சம்பளம், மாமியார், மண்டோரின் வழுக்கை
எல்லாமே உதட்டில்தான்.
பெஞ்சில் உட்கார்ந்து
அவள் பெயரைச் சொன்னேன், உதட்டால் மட்டும்.
பிறகு கொஞ்சம் வம்பும்.
அந்தக் கடைசியில் இருந்த கேமராக்காரர்
நான் கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்,
லென்ஸைத் தாழ்த்திக்கொண்டார்.

ஒரு பறவையும் பறக்கவில்லை.

திரும்பும்போது ஹஸ்னியா பேனாவை நீட்டினாள்.
வெளியேறும் நேரம்.
கை தானாக எழுதியது: பத்து.
காக், மணி அஞ்சரைதானே, என்று சிரித்து
என் பத்தை அடித்துச்
சிவப்பு மையில் திருத்தினாள்.

சிவப்பு மை.
அப்போதெல்லாம் அதற்கு
அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள்.