மாதிரி கலங்கல்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில்
வெறும் வயிற்றுச் சோதனைக்கு வந்தவர்
ஏழரைக்குத்தான் படியேறினார்.
பக்கிரிசாமி, ஐம்பத்து மூன்று,
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
முழங்கை வரை கிரீஸ்,
ஷட்டர் திருகுக்குப் பூசிவிட்டு அப்படியே வந்திருக்கிறார்.
ஈரத் துணிக்கு அது மசியவில்லை.
ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் இளகியது.
நரம்பு தேடவே வேண்டாம்,
வாய்க்கால் மாதிரிப் புடைத்துக் கிடந்தது.

பத்து நிமிடம் சுழற்றி எடுத்தேன்.
அடியில் சிவப்பு வண்டல்.
மேலே தேன் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டியது
அரிசி களைந்த முதல் கழுநீர் போல.
"வெண்ணாறு" என்றேன் என்னையறியாமல்.
"இப்போ ஐந்நூறு கன அடி, மேடம்" என்றார்.

மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை:
மாதிரி கலங்கல்.
ஒன்றுக்கு ஒன்பது உப்புநீர் விட்டு மறுபடி வைத்தேன்.

"எனக்குக் கொழுப்பா மேடம்?
எங்க ஏ.இ. போன வாரமே எழுதிக் கொடுத்துட்டார்."
உத்தரவு வருமுன்னே கடைமடைக்காக
ஆறு அங்குலம் தூக்கிவிட்டதற்கு மெமோ.

சிரித்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை.
உங்கள் உடம்பில் செல்லுக்குச் செல்
கரை கட்டியிருப்பது அதுதான், அண்ணே.
தலை தண்ணீரைப் பார்த்து நிற்கும்.
வால் இரண்டும் தண்ணீருக்கு அஞ்சி உள்ளே திரும்பி
எதிர்வரிசை வால்களோடு ஒண்டிக்கொள்ளும்.
இரண்டு ஆள் கனம், அவ்வளவுதான் கரை.
மண்வெட்டி பட்டதில்லை, டெண்டர் விட்டதில்லை,
தண்ணீர் ஆகாது என்ற ஒன்றுக்காகவே
தானாகக் கூடியது.
அதில் மதகுகள் மிதக்கின்றன,
உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று.
கரை இறுகிப்போகாமலும் இளகி ஓடாமலும்
இடையிடையே செருகிக்கொண்டு நிற்கிறது கொலஸ்ட்ரால்,
நாங்கள் சிவப்பு மையில் வட்டம் போடும் அதே ஆள்.
உங்கள் மீசைக்கும் மூலம் அதுதான்.
சக்கரத்தைத் திருப்பச் சொல்லி
மூளையிலிருந்து விரலுக்கு ஓடும் சேதிகூட
நிணம் சுற்றிய கம்பி வழியேதான்.

ஆற்றில் மட்டும் அதற்குத் தனியாகப் போகத் தெரியாது.
புரதம் கட்டிய தோணியில் ஏறித்தான் ஊர் ஊராய் இறங்கும்.
தோணி நெரிந்தால் ஆறு வெளுக்கும்.

தாள் வந்தது.
நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது
எண்ணூற்று நாற்பது.
"ராத்திரி என்ன?"
"ஆறு புரோட்டா. விடியக்காலம் ரெண்டு டீ.
தண்ணி ஏறிட்டிருந்துச்சு,
கண்ணு சொக்கிடக் கூடாதுல்ல."

தாளை ஒரு கையில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி,
எண்ணை இரண்டு முறை படித்தார்.
மேஜையில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய்
வெறும் தண்ணீரில் கை கழுவினார், ரொம்ப நேரம்.
சோப்பை நகர்த்தினேன்.
ஒரு கையில் கிரீஸ், மறு கையில் தண்ணீர்
என்று இரண்டு பக்கமும் உறவு வைத்திருப்பது அது
என்று வாயெடுப்பதற்குள்
போன் அடித்தது.
பாமணியில் மட்டம் ஏறுகிறதாம்.
நுரையோடு இறங்கி ஓடினார்.

தாள் மேஜையிலேயே கிடக்கிறது.
கட்டைவிரல் பிடித்த இடம் மட்டும்
கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது.
எடுத்துப் பார்த்தால்
அந்தப் பக்கம் தெரு தெரிகிறது.