ஏழாவது ஸ்டேஷன்

அந்தேரியில் அம்மாவைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு
அடுத்த பெட்டிக்கு ஓடினோம், அப்பாவும் நானும்.
"எண்ணிக்கோம்மா, ஏழாவதுல இறங்கணும்."

பார்லே. சாந்தாகுரூஸ்.
ஒரு கையால் தொங்கியபடி
மறுகையில் விரல் மடக்குகிறார் அப்பா.
பாந்த்ராவில் அவர் செருப்பொன்று
கூட்டத்தோடு இறங்கிப் போயிற்று.
என் பட்டியலில் கேட்வே இருந்தது, எலிஃபண்டா இருந்தது,
செருப்புக்கடை இல்லை.

தாதர்.
யாரோ இருவர் கைபிடித்து இறக்கிவிட,
முந்தானையில் பாதி உரித்த பட்டாணியோடு
நிற்கிறாள் அம்மா.
"சுனந்தாவுக்கு நாளைக்கு ஆபரேஷனாம்டா,
கண்ணுல."

எந்த பாஷையில் சொன்னாள் என்று
நான் கேட்கவில்லை.
ஆறு வருஷமாய் இதே ரயிலில்தான் போகிறேன்.

ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட அப்பா
"கடல் எந்தப் பக்கம்?" என்கிறார்.